மகளைக் கொழும்பில் எங்கே சேர்ப்பது? வெள்ளிக்கிழமைக்குள் காசு கட்டச் சொல்கிறார்கள்

கடற்கரைவீதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் திருகோணமலை டவுன். மகளுக்குப் பத்தொன்பது வயது. ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) ரிசல்ட் வந்து பத்து நாளாகிறது. கணிதப் பிரிவு, தமிழ் மீடியம், இரண்டு சி, ஒரு எஸ். ஓ.எல். எழுதிய நாளிலிருந்து கம்ப்யூட்டர்தான் படிப்பேன் என்று நின்ற பிள்ளை. இதைவிட நன்றாக வரும் என்று நாங்களும் நினைத்தோம், அவளும் நினைத்தாள். ரிசல்ட் பார்த்த உடனே ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். வாளியில் ஊறிக் கிடந்த உடுப்பு முழுவதையும் தோய்த்துக் கொடியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். அதற்குப் பிறகு கேட்டால் பதில் சொல்கிறாள், கேட்காவிட்டால் பேச்சில்லை.

வீட்டில் ஆளுக்கொரு கதை. இவர் துறைமுகத்தில் வேலை செய்கிறார், என்ன கஷ்டப்பட்டாவது பிள்ளையைக் கொழும்பில் ஒரு தனியார் இடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்கிறார். வெள்ளவத்தையில் இருக்கும் மச்சாள் "எங்கட வீட்டில் ஒரு அறை சும்மாதானே கிடக்குது, இங்கே நிற்கட்டும்" என்கிறார். மாமி பெண் பிள்ளையைத் தனிய அனுப்பக் கூடாது என்று ஒரே பிடி. நான் வீட்டில் தையல் செய்கிறேன். ஒரு சீட்டு முடியப் போகிறது, கொஞ்சம் நகை இருக்கிறது, அவ்வளவுதான் எங்கள் கையிருப்பு.

மூன்று இடங்களுக்கு விபரம் கேட்டு அனுப்பினோம். மூன்றிலும் சிரித்த முகத்தோடு பிள்ளைகள் நிற்கும் படம், மூன்றிலும் வெளிநாட்டுப் பட்டம் என்று எழுதியிருக்கிறது, எனக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு இடத்திலிருந்து நாளுக்கு இரண்டு தரம் ஃபோன் வருகிறது. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதிவுக் காசு கட்டினால் கட்டணத்தில் பெரிய கழிவாம், பிந்தினால் கிடையாதாம். இவர் கட்டுவோம் என்கிறார்.

அந்தப் பட்டம் நாளைக்குச் செல்லுபடியாகுமா என்று எப்படிப் பார்ப்பது, மொத்தமாக எவ்வளவு போகும், தமிழில் படித்த பிள்ளை அங்கே தாக்குப்பிடிப்பாளா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மகளிடம் "உனக்கு எது விருப்பம்?" என்று கேட்டால் "உங்களுக்கு எது சரியோ அதைச் செய்யுங்கோ" என்கிறாள். காசை விட அந்தப் பதில்தான் என்னை இரவில் நித்திரை கொள்ள விடவில்லை.

உப்புவெளி83 எழுதியது:

அக்கா, வெள்ளிக்கிழமை காசு கட்டாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு. கொழும்பில் பெரும்பாலான தனியார் நிறுவனங்கள் வருடத்தில் ஒரு தரம் மட்டும் ஆள் எடுப்பதில்லை, சில மாதத்துக்கு ஒரு தரம் புதிய தொகுதி தொடங்குகிறார்கள். இந்த வெள்ளி போனால் இன்னொரு வெள்ளி வரும், அதற்கும் ஒரு கழிவு வரும். நான் பன்னிரண்டு வருடமாகக் கொழும்பில் மென்பொருள் கம்பனியில் வேலை செய்கிறேன், பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை நேர்முகம் எடுப்பவர்களில் நானும் ஒருவன், அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

பட்டம் விஷயத்தில் ஒரு கேள்வி போதும்: கடைசியில் கையில் தரும் சான்றிதழில் யாருடைய பெயர் அச்சடித்திருக்கும்? கட்டடத்தில் இருக்கும் பெயரும் சான்றிதழில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. மாலபேயில் இருக்கும் எஸ்.எல்.ஐ.ஐ.டி. 1999இல் தொடங்கியது, ஹோமாகம பிட்டிப்பனையில் இருப்பது என்.எஸ்.பி.எம்., இவை இரண்டும் தங்கள் பெயரிலேயே பட்டம் கொடுக்க அனுமதி பெற்றவை. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தில் 25ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, அதன் கீழ்தான் அரசு அல்லாத நிறுவனங்களுக்கு அந்த அனுமதி கொடுக்கிறார்கள். அதுவும் நிறுவனத்துக்கு மொத்தமாக இல்லை, ஒவ்வொரு பட்டப்படிப்புக்கும் தனித்தனியாக. அதனால் "நாங்கள் அங்கீகாரம் பெற்றவர்கள்" என்று சொன்னால் விடாதீர்கள், "மகள் சேரப்போகும் இந்தப் படிப்புக்கு இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

மற்ற வகை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இங்கே வைத்துப் படிப்பிப்பது. 1990இல் தொடங்கிய ஐ.ஐ.டி. (இந்தியாவின் ஐ.ஐ.டி. அல்ல, வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியிலும் நடக்கிறதே, அது) லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகப் பட்டம் கொடுக்கிறது. இந்த மாதிரி என்றால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரை நாமே தேட வேண்டும். பொதுநலவாயப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் ஆண்டு நூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலிலோ அந்தப் பெயர் இருக்கிறதா என்பதைத்தான் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் பார்க்கிறது. சந்தேகம் என்றால் வோட் பிளேஸில் இருக்கும் ஆணைக்குழுவுக்கே எழுதிக் கேட்கலாம்.

மூன்றாவது வகையில்தான் நம் ஊர் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள். முதல் இரண்டு வருடம் எச்.என்.டி. என்ற டிப்ளோமா, மூன்றாம் வருடம் டொப்-அப் என்று ஒரு வருடம், அது முடிந்தால்தான் பட்டம். இது கெட்ட வழி இல்லை, என்னோடு வேலை செய்யும் நல்ல பெடியன்கள் சிலர் இந்த வழியில் வந்தவர்கள். ஆனால் முதல் நாள் சொல்லும் கட்டணம் பல இடங்களில் அந்த இரண்டு வருடத்துக்குத்தான். கடைசி வருடம் எவ்வளவு, எந்த நாட்டுக் காசில், யாருக்குக் கட்டுவது என்று எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னால் எண்ணாதீர்கள்.

வேலைக்கு எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது பிள்ளை தானாகச் செய்த ஏதாவது ஒன்றை, இரண்டாவதாகப் பயிற்சிக் காலத்தில் எங்கே இருந்தது என்பதை. ஆகவே போகும் இடத்தில் "போன வருடம் உங்கள் பிள்ளைகள் எந்தெந்தக் கம்பனிக்குப் பயிற்சிக்குப் போனார்கள்?" என்று கேளுங்கள். பதில் தெரிந்தவர்கள் கம்பனிப் பெயரைச் சொல்வார்கள். மற்றவர்கள் சுவரில் இருக்கும் லோகோவைக் காட்டுவார்கள்.

மூதூர்ப்பெடியன் எழுதியது:

உப்புவெளி அண்ணா எழுதிய மூன்றாவது வகையில் அடிபட்ட குடும்பம் எங்களுடையது, அதனால் இதையும் சொல்கிறேன்.

என் தம்பி 2020 கடைசியில் கொழும்பில் ஒரு இடத்தில் சேர்ந்தான், பெயர் வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ரூபாயில் கணக்குச் சொன்னார்கள், வாப்பா வயல் காசிலும் கொஞ்சம் கடனிலும் தவணை தவறாமல் கட்டினார். கடைசி வருடத்துக்கான காசு பவுண்ஸில் என்று விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது, நாங்கள் யாரும் வாசிக்கவில்லை, எங்களுக்கு அது பெரிய விஷயமாகவும் படவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் கிட்டத்தட்ட இருநூறு ரூபாய், மே மாதம் முந்நூற்று அறுபதைத் தொட்டது. பவுண்ஸும் அதே வேகத்தில் ஏறியது. அந்த வருடம் முடியும் நேரத்தில்தான் தம்பி கடைசி வருடத்துக்குப் பதிய வேண்டியிருந்தது. உம்மாவின் நகை வங்கிக்குப் போனது, அப்படியும் போதவில்லை. அவன் ஒரு வருடம் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனான், அப்புறம்தான் முடித்தான். முடித்துவிட்டான், அது பெரிய காரியம். ஆனால் அந்த ஒரு வருடம் அவன் யாரோடும் கதைக்கவில்லை, தன்னால்தான் வீடு இப்படியானது என்று நினைத்துக்கொண்டு இருந்தான்.

பின்பக்கத்தை வாசியுங்கள் அக்கா. மகளையும் பக்கத்தில் இருத்தி வாசிக்க வையுங்கள்.

ரீச்சர்_லிங்கநகர் எழுதியது:

தங்கச்சி, நான் முப்பது வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். நீங்கள் எழுதியதில் ஒரு விஷயத்தைக் காணவில்லை, அதுதான் எனக்கு முதல் கேள்வி: பிள்ளை அரச பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாளா? மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைத் திறந்து பார்த்தாளா? இரண்டு சி ஒரு எஸ் என்றதும் கம்பஸ் கிடைக்காது என்று நாமே தீர்ப்பு எழுதிவிட்டுத் தனியாருக்கு ஓடுகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிரேட்டை வைத்து முடிவு செய்ய முடியாது, எல்லோருடைய புள்ளிகளோடும் ஒப்பிட்டுக் கணக்கிடும் இசட் புள்ளிதான் கணக்கு. அதையும் கொழும்பு மாவட்டத்தோடு ஒப்பிடக் கூடாது. கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளுக்கு நூற்றுக்கு நாற்பது இடம் அகில இலங்கைத் திறமைக்கு, ஐம்பத்தைந்து மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, மிச்சம் ஐந்து கல்வி வசதி குறைந்த பதினாறு மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. ஆகவே உங்கள் மகள் பார்க்க வேண்டியது போன வருடம் திருகோணமலை மாவட்டத்துக்கு என்ன வெட்டுப்புள்ளி (இடம் கிடைத்த ஆகக் குறைந்த புள்ளி) என்பதை. அது ஆணைக்குழுவின் இணையத்தில் மாவட்ட வாரியாகக் கிடக்கிறது, ஒரு பின்னேரம் போதும். விருப்ப வரிசையைக் கவனமாகப் போட வேண்டும், ஒன்றைப் போட மறந்தால் அது கிடைக்கக்கூடிய புள்ளி இருந்தும் கிடைக்காது. சில பாடநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை இருக்கிறது, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அந்தத் திகதியையும் தவறவிடாதீர்கள்.

இன்னொன்று. நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கே பிரயோக விஞ்ஞான பீடத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கலாம். நம் வீட்டு வாசலில் இருப்பதால் நமக்கு அது கண்ணில் படுவதில்லை. "ஊரிலேயே படித்தால் என்ன படிப்பு?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். கண்டியிலிருந்தும் மாத்தறையிலிருந்தும் பிள்ளைகள் பெட்டியோடு வந்து அங்கே படித்துவிட்டுப் போகிறார்கள், தங்கச்சி. படிப்புக்கட்டணம் இல்லை, வீட்டு வருமானத்தைப் பொறுத்து 1981இல் தொடங்கிய மகாபொல உதவித்தொகையோ வேறு உதவியோ கிடைக்கவும் இடமிருக்கிறது.

கொழும்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி நடத்தும் பி.ஐ.டி. என்ற வெளிவாரிப் பட்டம் இருக்கிறது, அதை இங்கே இருந்தபடியே படித்துப் பரீட்சை எழுதலாம், செலவு தனியார் இடங்களோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு, ஆனால் தானாக உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்குத்தான் அது சரிவரும். உங்கள் பிள்ளை எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் கொழும்புக்குக் காசு கட்ட முன்னர் இந்தக் கதவுகள் எல்லாம் இருக்கின்றன என்பதை அவள் தன் கண்ணால் பார்க்கட்டும் என்பதே என் வேண்டுகோள். விண்ணப்ப முடிவுத் திகதி நெருங்குகிறது, நாளைக்கே பாருங்கள்.

கடற்கரைவீதி எழுதியது:

ரீச்சர், உண்மையைச் சொல்கிறேன், கைநூல் வாங்கவே இல்லை. ரிசல்ட் வந்த அன்றே இவர் "கம்பஸ் சரிவராது" என்று சொன்னார், அவளும் கேட்டுக்கொண்டு இருந்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கு எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை காசு கட்டுவதை நிறுத்தியாயிற்று, உப்புவெளித் தம்பி எழுதியதை இவருக்கு வாசித்துக் காட்டினேன், ஒன்றும் பேசாமல் ஃபோனை வாங்கித் தானும் ஒரு தரம் வாசித்தார். மூதூர்த் தம்பி, உங்கள் தம்பியின் கதை வாசித்து மனம் கனத்துப் போனது. அவர் இப்போது நல்லா இருக்கிறார்தானே?

மாலபே177 எழுதியது:

அன்ரி, நானும் திருமலைதான், தமிழ் மீடியம், கணிதப் பிரிவு, இப்போது மாலபேயில் மூன்றாம் வருடம். உங்கள் மகள் சொன்ன அதே வசனத்தை நானும் சொன்னேன், "உங்களுக்கு எது சரியோ." அதற்கு அர்த்தம் எனக்கு விருப்பம் இல்லை என்பது இல்லை. ரிசல்ட் குறைந்து போனதால் இனிக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன், அவ்வளவு காசு செலவழிக்கப் போகிறவர்களிடம் அது வேண்டும் இது வேண்டும் என்று எப்படிக் கேட்பது என்று இருந்தது. எங்கள் அப்பா ஒரு நாள் கடற்கரையில் வைத்து "நீ சொல்லாவிட்டால் நான் பிழையாகத்தான் தெரிவு செய்வேன், பிறகு நீதான் மூன்று வருடம் அங்கே இருக்க வேண்டும்" என்று சொன்னார். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தேன். வீட்டில் எல்லோரும் இருக்கும்போது கேட்காதீர்கள், தனியாக எங்காவது நடக்கக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

மச்சாள் வீட்டு அறை பற்றி எழுதியிருக்கிறீர்கள். நானும் முதல் ஐந்து மாதம் வெள்ளவத்தையில் சித்தி வீட்டில்தான் நின்றேன். சித்தி என்னைத் தன் பிள்ளை மாதிரித்தான் பார்த்தார், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வெள்ளவத்தை எங்கே, மாலபே எங்கே? காலையில் காலி வீதியில் நூறாம் நம்பர் பஸ் எடுத்துக் கொள்ளுப்பிட்டி, அங்கே இறங்கி 177 எடுத்து ராஜகிரிய, பத்தரமுல்லை தாண்டி மாலபே. பின்னேரம் ஐந்து மணிக்கு வகுப்பு முடிந்தால் வீடு வர ஏழரை ஆகிவிடும், மழை என்றால் எட்டு தாண்டும். வந்து குளித்துச் சாப்பிட்டால் கண் சொருகும், எப்போது கோட் எழுதுவது? குரூப் வேலைக்கு மற்றவர்கள் வகுப்பு முடிந்து இருந்து செய்வார்கள், நான் மட்டும் பஸ்ஸுக்கு ஓடுவேன். இரண்டாம் செமஸ்டரில் கம்பஸுக்குக் கிட்டப் போர்டிங் எடுத்தேன், நடந்து போகும் தூரம். மூன்று மாத அட்வான்ஸ் கேட்டார்கள், அம்மா முதலில் அழுதார். என் மார்க்ஸ் ஏறியது அந்த செமஸ்டரிலிருந்துதான். ஆகவே படிக்கும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள், தங்கும் இடம் அதற்குப் பின்னால் வரட்டும். எங்கள் வீட்டில் தலைகீழாகச் செய்தோம்.

போர்டிங் பார்க்கும்போது பகலில் மட்டும் பார்க்காதீர்கள் அன்ரி. பஸ் தரிப்பிடத்திலிருந்து வீட்டு வாசல் வரை இரவு ஏழு மணிக்கு நீங்களே நடந்து பாருங்கள். வெளிச்சம் இருக்கிறதா, கடை ஏதாவது திறந்திருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். என் முதல் போர்டிங் ஒழுங்கையில் ஒரே ஒரு லைட், அது மாதத்தில் பாதி நாள் எரியாது. வீட்டுக்கார அம்மா நல்லவர், ஆனால் நான் ஃபோன் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு அம்மாவோடு கதைத்தபடியேதான் அந்த ஒழுங்கையைத் தாண்டுவேன். இப்போது இருக்கும் இடம் சந்திக்குப் பக்கத்தில், கீழே ஒரு பார்மசி, பத்து மணி வரை திறந்திருக்கும்.

மொழி. இதைத்தான் யாரும் சரியாகச் சொல்வதில்லை. கோட் எழுதுவது எல்லோருக்கும் புதுசு, அதில் நாங்கள் பின்தங்குவதில்லை. எனக்கு இடித்தது தெரிந்த கணக்குத்தான். ரியூஷனில் தாயம் என்று பக்கம் பக்கமாகச் செய்திருப்பேன், இங்கே போர்டில் மேட்ரிக்ஸ் என்று வந்ததும் ஏதோ புதுப் பாடம் என்று முழித்துக்கொண்டு இருந்தேன். தொடை என்று படித்ததை செட் என்கிறார்கள், நிகழ்தகவு ப்ரொபபிலிட்டி ஆகிவிட்டது. பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு விடை வரும்போது எனக்குக் கேள்வியே இன்னும் வந்து சேரவில்லை. மூன்றாம் கிழமை ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் அவர்கள் சொல்லும் சொல் என்று எழுதத் தொடங்கினேன். ஆறு கிழமையில் அந்தக் கொப்பி தேவைப்படவில்லை. மகள் சும்மா இருக்கும் இந்த மாதங்களிலேயே அதைத் தொடங்கினால் முதல் செமஸ்டர் எவ்வளவோ இலகு. கொஞ்சம் சிங்களமும் பழகட்டும், பஸ்ஸுக்கும் கடைக்கும் மட்டும் இல்லை, குரூப்பில் எல்லோரும் சிரிக்கும்போது தானும் சிரிப்பதற்கு. என் குரூப்பில் காலியிலிருந்து வந்த ஒரு பிள்ளை எனக்குச் சிங்களம் சொல்லித் தந்தாள், நான் அவளுக்கு நிகழ்தகவு சொல்லிக் கொடுத்தேன். இப்போது அவள்தான் என் அறைத் தோழி.

கஷ்டமான நேரம் ஞாயிறு பின்னேரம். கிட்ட ஊர்ப் பிள்ளைகள் வெள்ளி போய்த் திங்கள் வருவார்கள், நமக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல், கிழமைக்குக் கிழமை வர முடியாது. அன்றைக்கு மட்டும் கட்டாயம் ஃபோன் எடுங்கள் அன்ரி. படிப்பைப் பற்றிக் கேட்காமல் வீட்டில் என்ன கறி, கோயிலில் என்ன விசேஷம் என்று சும்மா கதையுங்கள்.

இடம் பார்க்கப் போவதென்றால் ஓபன் டேயில் போகாதீர்கள். சாதாரண செவ்வாய், புதன் போங்கள். மகளைக் கன்டீனில் அரை மணித்தியாலம் தனிய விடுங்கள், நீங்கள் வேறு மேசையில் இருங்கள். கடைசி வருடப் பிள்ளைகளிடம் அவள் கேட்கும் கேள்வியை நீங்கள் கேட்டால் அவர்கள் வேறு பதில் சொல்வார்கள்.

கந்தளாய்_அப்பா எழுதியது:

அந்தத் தங்கச்சி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் மகனைக் கொழும்பில் சேர்த்தது முழுக்க என் விருப்பம். ஏழாம் மாதம் ஒரு விடிய, இரவு ரயிலில் வந்து ஸ்டேஷனிலிருந்து பையோடு நடந்து வீட்டுக்கு வந்தான், இனிப் போகமாட்டேன் என்றான். நான் அன்று அவனோடு கதைத்த விதத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. கட்டிய காசு திரும்பி வரவில்லை. இப்போது குளிரூட்டல் வேலையில் என்.வி.கியூ. என்ற தொழில் தகைமைப் படிப்புச் செய்கிறான், அதிலும் படிப்படியாகப் பட்ட மட்டம் வரை, ஏழாம் தரம் வரை, போகலாம் என்று எனக்கு அப்போது தெரியாது. அவன் சின்ன வயதிலேயே ஃபேனைக் கழற்றிப் பூட்டுகிறவன். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் கேட்கவில்லை. விலகினால் காசு எவ்வளவு திரும்பும் என்பதையும் முதலே கேட்டு எழுத்தில் வாங்குங்கள் தங்கச்சி.

கடற்கரைவீதி எழுதியது:

இரண்டரைக் கிழமை கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள்.

கைநூல் வாங்கிக் கொடுத்தேன். முதல் நாள் தொடவில்லை. மாலபேத் தங்கச்சி சொன்ன மாதிரி ஒரு பின்னேரம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன், கோட்டைப் பக்கம் மான்கள் நிற்குமே, அங்கே இருந்தோம். "நீ சொல்லாவிட்டால் நான் பிழையாகத்தான் தெரிவு செய்வேன்" என்று அந்த அப்பாவின் வசனத்தையே சொன்னேன், எனக்கு வேறு வசனம் வரவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "அம்மா, சீட்டுக் காசு முழுக்க எனக்கே போனால் தம்பிக்கு என்ன செய்வீங்கள்?" என்று கேட்டாள். இத்தனை நாளாக அவள் வயிற்றுக்குள் வைத்திருந்தது இதுதான். அன்றைக்கு இருட்டும் வரை கதைத்தோம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போன வருட வெட்டுப்புள்ளிகளை அவளே எடுத்துக் கொப்பியில் எழுதினாள். ரீச்சர் சொன்னது சரி, எட்டாது என்று நாங்கள் நினைத்த இரண்டு மூன்று பாடநெறி எட்டக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது. விருப்ப வரிசையைத் தானே போட்டு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். திருகோணமலை வளாகக் கணினி விஞ்ஞானமும் அதில் இருக்கிறது, மேலேயே இருக்கிறது.

கொழும்புக்கும் போனோம், ஒரு செவ்வாய்க்கிழமை, நானும் அவளும் இவரும். திங்கள் இரவு பஸ் ஏறினோம். ஹபரணையில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது அவள் கேள்விகளை ஒரு துண்டில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். ஃபோன் எடுத்துக்கொண்டே இருந்த இடத்துக்கு முதலில் போனோம். அவள் கேட்கிறாள், அங்கே இருந்தவர் பதிலை இவருக்குச் சொல்கிறார், மூன்று தரம் அப்படி. கடைசி வருடக் காசு எந்த நாட்டுக் காசில் என்று கேட்டதற்கு "அதைப் பிறகு பார்க்கலாம், முதலில் பதிவோம்" என்றார். வெளியே வந்ததும் இவர் தானாகவே "இது வேண்டாம்" என்றார், நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் சொல்ல முன்னமே.

இரண்டாவது இடம் மாலபே. கன்டீனில் அவளைத் தனிய விட்டோம். மட்டக்களப்புப் பெடியன்கள் இரண்டு பேர், ஒரு கண்டிப் பிள்ளை, அரை மணித்தியாலம் என்று விட்டது ஒன்றரை மணித்தியாலமானது. இவர் மூன்று பிளேன்டீ குடித்துவிட்டார். அவள் திரும்பி வந்து, அடுத்த தொகுதி எப்போது தொடங்குகிறது, வெட்டுப்புள்ளி வெளிவரும் வரை பொறுக்கலாமா என்று கவுண்டரில் தானே கேட்டாள். பொறுக்கலாம் என்றார்கள், அவசரம் இல்லை என்றார்கள். கட்டணத்தையும் விலகினால் திரும்பும் காசையும் எழுதித் தரச் சொன்னோம், தந்தார்கள். அரச பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் வட்டியில்லாக் கடன் பற்றியும் அங்கேதான் தெரிந்துகொண்டோம், அதற்கு எந்தெந்தப் படிப்புப் பொருந்தும், என்ன தகுதி என்று அந்தந்த வருட அறிவித்தலில்தான் வருமாம், அது வந்ததும் பார்க்கப் போகிறோம்.

இரவு ஏழு மணிக்குப் போர்டிங் ஒழுங்கையும் நடந்து பார்த்தோம், லைட் எரிந்தது. மச்சாளுக்குக் கொஞ்சம் மனக்கசப்பு, போய்ச் சாப்பிட்டுவிட்டு விளக்கிச் சொல்லிவிட்டு வந்தோம். மாமி இன்னும் முழுச் சம்மதம் இல்லை, ஆனால் கோணேசபுரி கிடைக்க வேண்டும் என்று கோணேசருக்கு நேர்ந்திருக்கிறார், அவர் கணக்கு அது.

மகள் இப்போது சி.ஆர். கொப்பி ஒன்று வாங்கிவிட்டாள். இடது பக்கத்தில் தாயம், தொடை, நிகழ்தகவு என்று நாற்பது சொல்லுக்கு மேல் வந்துவிட்டது, வலது பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. ரீச்சர், நாங்கள் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் லிங்கநகர் வந்தால் அந்த வெறும் இடங்களை அவளோடு இருந்து பார்ப்பீர்களா? அவள்தான் கேட்கச் சொன்னாள்.